இரண்டாவது விரல்

கட்டுகஸ்தோட்டை,
12.07.1964

அன்புள்ள அக்கா வீரம்மாவுக்கு,

தங்கை தெய்வானை எழுதுவது. பதுளையில் நீயும் அத்தானும் வீட்டாரும் குறையில்லாமல் இருக்க முருகன் துணை செய்யட்டும். இங்கும் எல்லாரும் சுகம் என்று அடுத்த வரியை எழுதுவதுதான் முறை. எழுதக் கை வரவில்லை. விட்டுவிடுகிறேன்.

இதைத் தனியாக இருக்கும்போது படி. உன் மாமியார் பக்கத்தில் இருந்தால் மடித்து வைத்துவிட்டுப் பிறகு எடு.

நம் தங்கை பவளம் கண்டி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். உயிருக்கு ஒன்றும் இல்லை, பயப்படாதே. இடது காலில் கட்டை விரலுக்கு அடுத்த விரல் பழுத்துவிட்டது. பிழைக்குமா பிழைக்காதா என்று இரண்டு நாள் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்கிறார் டொக்டர். எப்படி ஆனது என்று வரிசையாகச் சொன்னால்தான் கடைசியில் நான் உன்னிடம் கேட்கப்போவது விளங்கும். அதனால் கொஞ்சம் சுற்றி வருகிறேன், பொறுத்துக்கொள்.

ஆவணியில் உன் மாமியார் ராக்கம்மா அத்தை தன் சின்ன மகன் ராஜலிங்கத்துக்குப் பவளத்தைப் பார்க்க வருகிறார் என்று நீ எழுதியிருந்தாய். அந்தக் கடிதம் வந்ததும் அம்மா சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டாள். பவளம் எழுந்து கிணற்றடிக்குப் போய் நின்றாள். போன வருஷத் தேருக்கு உங்கள் வீட்டுக்கு வந்தபோதே அவளுக்கு ராஜலிங்கத்தின் மேல் விருப்பம் இருந்தது. உனக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். அவனுக்கும் விருப்பம் இல்லாவிட்டால் அத்தை இவ்வளவு தூரம் வரமாட்டாரே. அப்பா கூடக் கடைக்கு வந்தவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரித்தார்.

அம்மாவுக்கு மட்டும் சிரிப்பு நிலைக்கவில்லை. காரணம் உங்கள் வீட்டு வழக்கம். பெண்ணை எத்தனை முறை பார்த்திருந்தாலும் சம்பந்தம் பேச வரும் நாளில் ஒரு தாம்பாளத்துத் தண்ணீரில் நிற்க வைத்து, ஈரக் காலோடு தரையில் நடக்கச் சொல்லி, பதிந்த அடியைக் குனிந்து பார்ப்பார்கள் அல்லவா? உன்னையும் அப்படித்தான் நடக்க வைத்தார்கள். நான் அப்போது சின்னவள். நம் வீட்டுச் சிவப்புச் சீமெந்துத் தரையில் உன் அடி பதிந்ததும் அத்தை தலையை ஆட்டியதும் மட்டும் நினைவிருக்கிறது. எதைப் பார்த்தார் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

கட்டை விரலைவிட அடுத்த விரல் நீளமாக இருந்தால் அவள் புருஷனை அடக்குவாள், அவன் தொழில் படுக்கும், ஆயுசும் குறையும் என்று நம்மவர்கள் சொல்லிக்கொள்வது எனக்குத் தெரியும். விளையாட்டுப் பேச்சு என்றே இருந்தேன். பவளத்துக்கு இடது காலில் மட்டும் அந்த விரல் கொஞ்சம் நீளம். போன வருஷம் கம்பளையில் இருந்து வந்தவர்கள் தேத்தண்ணியைத் தொடாமல் எழுந்து போனது அதனால்தான் என்று இப்போதுதான் அறிகிறேன். அன்று அவர்களோடு வந்த பெரியம்மா ஒருத்தி பவளத்தின் சேலைக் கரையைத் தன் குடை நுனியால் தூக்கிப் பார்த்தாளாம். மாடு பிடிக்க வந்தவர்கள் கூட வாயைத் திறக்கும் முன் மாட்டைத் தடவிக் கொடுப்பார்கள்.

இனி நான் வேலை செய்யும் இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்டியில் சீனப் பல் டொக்டரிடம், வருகிற நோயாளிகளுக்குப் பேரும் நம்பரும் போட்டுத் துண்டு எழுதிக் கொடுக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். மாடியில் அவருடைய அம்மா இருக்கிறார். வடசீனாவில் பிறந்தவர். மகனோடு கப்பலேறி வந்து வெகு காலம். சந்தையில் பழகிய சிங்களம் பேசுவார். அவர் படியிறங்கி வரும்போது கைக்குழந்தையின் சப்பாத்து அளவில் இரண்டு கறுப்புத் துணிச் சப்பாத்துகள் முதலில் தெரியும். பல் வலியோடு வாங்கில் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்கள் வலியை மறந்து அதையே பார்ப்பார்கள். அவருக்கு அது பிடிக்கும். இன்னும் மெதுவாக இறங்குவார்.

வைகாசியில் அவர் படியில் வழுக்கி இடுப்பில் அடிபட்டார். டொக்டரின் மனைவி அந்த வாரம் கொழும்பில். குனிந்து கால் கழுவ அவரால் முடியவில்லை. பெற்ற மகனே ஆனாலும் ஆண்பிள்ளை அந்தக் காலை வெறுமையாகப் பார்க்கக் கூடாதாம். டொக்டர் மிகவும் கூச்சப்பட்டு என்னைக் கேட்டார். சரி என்றேன்.

துணி சுற்றுச் சுற்றாக வந்துகொண்டே இருந்தது. முதலில் வந்தது வாடை. ஈரத்தில் கிடந்து மக்கிய துணி, இறந்த தோல், அதற்கு மேல் அவர் தூவியிருந்த வாசனைத் தூள். தூள்தான் அதிகம் குமட்டியது. பிறகு கால். கட்டை விரல் மட்டும் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. மற்ற நாலும் அடியில் மடிந்து, உள்ளங்காலோடு ஒட்டி, மிதிபட்டு மிதிபட்டுத் தட்டையாகிக் கிடந்தன. குதிகாலும் முன்பாதமும் நடுவில் முறிந்து ஒன்றையொன்று நெருங்கி நிற்க, இடையில் ஒரு வெட்டு. அந்த வெட்டுக்குள்ளும் சவர்க்காரம் போட்டுக் கழுவச் சொன்னார். விரலை விட்டேன், அக்கா. அன்று முழுவதும் கையால் சாப்பிட முடியவில்லை.

அவரோ என் கால்களைப் பார்த்துச் சிரித்தார். உன்னை மாதிரிக் காலுள்ளவளை எங்கள் ஊரில் சாணி அள்ளத்தான் கூப்பிடுவார்கள் என்றார். கால் வளராமல் சின்னதாகவே இருக்க ஐந்தாறு வயதில் அவருக்கு இப்படிக் கட்டியது அவருடைய அம்மாவாம். அழுதால் அடி, கட்டை அவிழ்த்தால் இன்னும் அடி. அதைச் சொல்லும்போது முகத்தில் இருந்தது பெருமை.

நான் நூல்நிலையத்துக்குப் போய்த் தேடிப் படித்தேன். உனக்குத் தெரியுமே, ஒன்று மனதைக் குடைந்தால் எனக்குப் படிக்காமல் தீராது. ஆயிரம் வருஷத்துப் பழக்கமாம். பெண் பார்க்கிறவர்கள் முகத்தைக் கேட்பதற்கு முன்னால் காலைக் கேட்பார்கள். அவள் தைத்த சப்பாத்தை மாப்பிள்ளையின் அம்மாவுக்கு அனுப்பி அளவு காட்டுவார்கள். பல்லக்கில் இருந்து மணப்பெண் இறங்கினால் கூட்டம் முதலில் குனிந்து கீழேதான் பார்க்கும். சக்கரவர்த்திகள் கட்டக்கூடாது என்று ஆணை போட்டார்கள், யாரும் கேட்கவில்லை. படித்த ஆண்கள் அந்தக் காலைத் தாமரை மொட்டு என்று பாடினார்கள். நான் கழுவிய அந்த வெட்டைத்தான் சொல்கிறேன்.

பழமொழிகளும் குழந்தைப் பாட்டுகளும் நிறைய இருந்தன. பெரிய கால்காரியைக் கேலி செய்பவை, அவள் மாமியார் வீட்டில் படும் பாட்டைச் சொல்பவை, மகள் மேல் இரக்கப்படும் தாய்க்கு மகள் காலின் மேல் இரக்கம் கூடாது என்று புத்தி சொல்பவை. ஒன்றையும் இங்கே உனக்கு எழுதமாட்டேன். எதுகை மோனையோடு காதுக்கு நன்றாக இருக்கின்றன. அதுதான் எனக்கு எல்லாவற்றிலும் அருவருப்பு. எலும்பு முறிவதைத் தாலாட்டு மெட்டில் வைத்திருக்கிறார்கள்.

தொலைதூரத்து மனிதர்களின் கொடுமை என்று புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த நாட்களில் நம் வீட்டிலேயே என்ன நடந்துகொண்டிருந்தது என்று எனக்குத் தெரியாது.

பவளம் என்னோடு கண்டிக்குத் தட்டெழுத்து வகுப்புக்கு வருவாள். ஆனி பிறந்ததில் இருந்து மெல்ல நடந்தாள். செருப்புக் கடி என்றாள். பிறகு காய்ச்சல் என்று சில நாள் வரவில்லை. வீட்டுக்குள்ளும் காலுறை போட்டிருந்தாள். மழைக் குளிருக்கு என்றாள் அம்மா. பக்கத்து வீட்டு றம்லத் வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு, "என்ன பவளம், வெள்ளைக்காரத் தொரைசானி மாதிரி மேஸ் போட்டுக்கிட்டுக் கோலம் போடுறா" என்று கேலி பண்ணினாள். எல்லாரும் சிரித்தோம். நானும்.

போன வியாழக்கிழமை பஸ்ஸில் நெரிசல். கண்டிக்குக் கிட்ட மஹியாவையைத் தாண்டும்போது பிரேக் போட்டதும் முன்னால் நின்றவர் பவளத்தின் காலில் மிதித்துவிட்டார். அவள் கத்தவில்லை. முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, அப்படியே என் மேல் சரிந்தாள். இறக்கி, ஒரு பொடியனின் கைவண்டியில் இருத்தி, கிட்டத்தில் இருந்த எங்கள் பல் டொக்டரின் இடத்துக்கே கொண்டுபோனேன்.

காலுறையைக் கழற்றும்போதே அந்த வாடை வந்தது. தூள் மட்டும்தான் இல்லை. அப்பாவின் பழைய வேட்டிக் கிழிசல், அதற்குள் இரண்டு மூங்கில் பிளாச்சு, அதற்குள் நூல். நூலுக்குள் பவளத்தின் விரல், கணுவில் மடக்கப்பட்டு, நுனி கறுத்து, நகத்தடியில் நீர் கோத்து. நான் துப்பும் தொட்டியில் வாந்தி எடுத்தேன். எனக்கு வெட்கமாக இல்லை. யாராவது ஒருத்தராவது வாந்தி எடுக்க வேண்டிய விஷயம் அது.

டொக்டர் பார்த்துவிட்டு, இது என் வேலை இல்லை, இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போ என்று கார் பிடிக்க ஆள் அனுப்பினார். அதற்குள் அவருடைய அம்மா கம்பை ஊன்றிக்கொண்டு இறங்கி வந்துவிட்டார். பவளத்தின் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து, விரலைத் தூக்கிப் பார்த்து, கட்டியது யார் என்று கேட்டார். அம்மா என்று பவளம் சொன்னாள். நல்ல அம்மா, நல்ல அம்மா என்று அவள் கன்னத்தைத் தட்டினார். ஆனால் பிந்திவிட்டாளாம், எலும்பு குருத்தாக இருக்கும்போதே தொடங்கியிருக்க வேண்டுமாம். பிறகு, வலிக்கிறதா என்று கேட்டார். பவளம் தலையாட்டினாள். பொறுத்துக்கொள், பிறகு மரத்துவிடும் என்றார். டொக்டர் அவரிடம் சீனத்தில் ஏதோ சொன்னார். அவர் தாயிடம் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கிழவி பேச்சை நிறுத்திவிட்டு, தன் காற்சட்டை நுனியை இழுத்து இழுத்துச் சப்பாத்தை மூடினார். எனக்கு அவர் மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பவளத்தின் கன்னத்தில் பட்ட அந்தக் கையைத் தட்டிவிடத்தான் தோன்றியது.

காருக்குள் பவளத்திடம் கேட்டேன், ஏன்டி என்னிடம் சொல்லவில்லை என்று. அவள் சொன்னது இது: "அம்மா லேசாத்தான் கட்டினாங்க. நான்தான் இறுக்கச் சொன்னேன். அவரு எனக்கு வேணும், அக்கா."

ஆஸ்பத்திரிக்கு அம்மா சாயங்காலம் வந்தாள். கட்டிலருகே நின்று அழுதாள், பவளத்தின் தலையை வாரிவிட்டாள், கஞ்சி ஊட்டினாள். அன்பில் ஒரு குறையும் இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் தாங்கவில்லை. வராந்தாவுக்குக் கூட்டிப்போய், நீயெல்லாம் தாயா என்று கேட்டுவிட்டேன். கேட்டது தப்பு என்று நினைக்கவில்லை. அம்மா என்னை நேராகப் பார்த்துச் சொன்னாள்:

"நான் என்னா, வெட்டியா போட்டேன்? கட்டித்தானே வச்சேன். ஒங்கக்காவுக்கும் இதே கையாலதான் கட்டினேன். அவ வாயத் தொறந்தாளா? இன்னைக்கு மகராசியா இல்ல?"

அக்கா, நீயா?

நான் அங்கேயே வாங்கில் உட்கார்ந்துவிட்டேன். உன் கலியாண வருஷம் எனக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயதிருக்கும். அந்த வருஷம் நீ எங்களோடு ஆற்றுக்குக் குளிக்க வருவதை நிறுத்தினாய். கலியாணத்துக்கு முதல் நாள் கைக்கு மருதாணி வைக்கவிட்டாய், காலை இழுத்துச் சேலைக்குள் வைத்துக்கொண்டாய். உனக்குப் பெருமை வந்துவிட்டது, பெரிய இடத்துக்குப் போகிறாள் என்று நான் கோபித்துக்கொண்டேன். இத்தனை வருஷமாக நீ சப்பாத்துக் கடை எதற்குள்ளும் என்னோடு வந்ததில்லை என்பதை இப்போது எண்ணிப் பார்க்கிறேன். வார்டில் இருந்த தாதி மிஸ்ஸி வந்து நேரமாகிவிட்டது என்று எங்களை அனுப்பிவிட்டாள்.

இன்று செவ்வாய்க்கிழமை. விட்ட இடத்தில் இருந்து தொடர்ந்து எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரி டொக்டர் இன்று சொல்லிவிட்டார். நுனி செத்துவிட்டது. முதல் கணுவரை நாளைக் காலையில் எடுத்துவிடுவார்கள். விட்டால் மேலே ஏறுமாம். அப்பா கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு வெளியே போய்த் தேத்தண்ணிக் கடையில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். வீட்டில் நடந்தது எதுவும் தெரியாது என்கிறார். தன் வேட்டி கிழிந்ததும் தெரியாதாம்.

அம்மா கட்டில் கால்மாட்டில் உட்கார்ந்து வெகு நேரம் யோசித்தாள். பிறகு என் காதுக்கு மட்டும் கேட்கச் சொன்னாள்: "போனாப் போகுது, நுனிதானே. அளவு சரியாயிரும். கல்லு விழுந்துச்சுன்னு சொல்லிக்கலாம்."

அக்கா, சீனத்து அம்மாவின் கால் இதைவிடப் பார்க்கச் சகிக்காதது. ஆனால் அதை விரித்துக் கழுவியபோது வந்த குமட்டலுக்கு ஒரு முடிவு இருந்தது. கையைச் சுரண்டிச் சுரண்டிக் கழுவினேன், இரண்டு நாளில் போய்விட்டது. அம்மாவின் முகத்தில் நான் கண்ட அந்த நிம்மதியை எதைப் போட்டுக் கழுவுவது?

றம்லத் நேற்று இடியப்பம் கட்டிக்கொண்டு வந்தாள். கதையைக் கேட்டுவிட்டு, "மாப்புள வீட்டுக்காரங்க வெரலையா ஊட்டுக்குக் கொண்டு போகப் போறாங்க, புள்ளையத்தானே" என்றாள். ஆஸ்பத்திரிக்கு வந்த நாளில் இருந்து முதல் தடவையாகப் பவளம் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதுவிட்டாள்.

இனி நான் கேட்க வந்தது. அந்தப் புத்தகத்தில் கடைசி அதிகாரங்களையும் படித்தேன். சக்கரவர்த்தி ஆணைக்கு அடங்காத பழக்கம், சட்டம் போட்டும் ஊர்ப்புறத்தில் ஒளிந்து நடந்த பழக்கம், சில இடங்களில் ஒரே தலைமுறையில் ஒழிந்தது. எப்படி என்றால், பெற்றவர்கள் கூடிச் சங்கம் வைத்துச் சத்தியம் செய்தார்கள். எங்கள் பெண்ணுக்குக் கட்டமாட்டோம் என்று மட்டும் சொன்னால் போதாது. அவளை யார் எடுப்பார்கள் என்ற பயத்தில் எந்தத் தாயும் மறுபடி கட்டிவிடுவாள். அதனால், எங்கள் பையனுக்குக் கால் கட்டிய பெண்ணை எடுக்கமாட்டோம் என்றும் சத்தியம் செய்தார்கள். அது மாப்பிள்ளை வீட்டில் இருந்து வந்த சொல். அது வந்த பிறகுதான் தாய்மாரின் கை நின்றது.

நம் அம்மாவிடம் நான் இன்னும் நூறு நாள் சண்டை போடலாம். அவளுக்கு முன்னால் ராக்கம்மா அத்தையின் தாம்பாளம் இருக்கும்வரை நான் சொல்வது காதில் ஏறாது. நீ அந்த வீட்டின் மூத்த மருமகள். ராஜலிங்கத்துக்கு அண்ணி. நீ சொன்னால் அவன் கேட்பான். அவனிடம் உள்ளதை உள்ளபடி சொல். கல் விழுந்தது என்று சொல்லாதே. உன் வீட்டார் தரையைப் பார்த்துத் தலையாட்டுவதற்காக என் தங்கையின் விரல் போனது என்று சொல். அவனுக்குப் பவளம் வேண்டுமானால் அவனே தன் அம்மாவிடம் வாயைத் திறக்கட்டும்: தாம்பாளம் வேண்டாம், ஈரக்கால் வேண்டாம், அவளை அப்படியே கூட்டிவாருங்கள் என்று. சொல்ல அவனுக்குத் தைரியம் இல்லை என்றால் அதையும் எழுதிவிடு. பவளம் அழுவாள். அழட்டும். குறைந்த விரலோடு ஒரு பொய்யையும் மறைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குள் அவள் போக வேண்டாம்.

உன்னிடம் எவ்வளவு பெரிய காரியத்தைக் கேட்கிறேன் என்று தெரியும். அவனிடம் பேசத் தொடங்கினால் உன்னைப் பற்றியும் சொல்ல வேண்டி வரும். அத்தை அன்று குனிந்து பார்த்துத் தலையாட்டியது எதை என்று அந்த வீட்டுக்குத் தெரிந்துவிடும். அதனால் உனக்கு என்ன வருமோ எனக்குத் தெரியாது. என்ன வந்தாலும் கட்டுகஸ்தோட்டையில் உனக்கு ஒரு வீடு இருக்கிறது என்று எழுதத்தான் நினைத்தேன். அந்த வீட்டில்தான் உனக்குக் கட்டினார்கள் என்பதால் பேனா நின்றுவிட்டது. நான் இருக்கிறேன் என்று மட்டும் எழுதுகிறேன்.

இன்னொன்று. நான் புறப்படும்போது பவளம் என் கையைப் பிடித்து, அக்காவுக்கு எழுதுகிறாயா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அக்காவுக்கு இன்னும் வலிக்குதான்னு கேளு" என்றாள். எனக்குப் பதில் எழுத நேரம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அவளுக்கு ஒரு வரி எழுது. மரத்துவிடும் என்று எழுதாதே. அதை அவளுக்கு ஏற்கெனவே ஒருத்தர் சொல்லிவிட்டார். எப்படி இருக்கிறதோ அப்படியே எழுது.

கடவுள் உன்னை வலியில்லாமல் நடக்க வைக்கட்டும்.

உன் அன்புத் தங்கை,
தெய்வானை